இரவல் கால்

காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் ஆவுடைச்செல்வியிடம் யாரும் வாய் திறக்க முடியாது. வீடு தீப்பற்றி எரிந்தாலும் ஏழு முப்பத்தொன்றுக்குத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் பிறத்தியார் கண்ட கனவுகளுக்குச் சொந்தம். விழித்த பத்து நிமிடத்தில் கனவு கரைந்துவிடும். அதற்குள் அதைப் பிடித்து எழுத வேண்டும், எழுதியதற்கு ஒரு நோயின் பெயரும் போட வேண்டும். வலிப் பகிர்வு வாரியத்தின் தூத்துக்குடி நிலையத்தில் அவள் கனவுப் பதிவாளர்.

வலி மாத்திரைகள் பாதிப் பேர் உடம்பில் வேலை செய்யாமல் போன பிறகு வந்தது இந்த வாரியம். ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். எங்கோ ஓர் ஊரில் நோயாளி ஒருவர் நெற்றியில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்குவார். இங்கே நிலையத்தில் சுமப்பவர் ஒருவர் அதே மாதிரிப் பட்டையோடு தூங்குவார். எட்டு மணி நேரம் நோயாளியின் வலி இவர் தலைக்குள் வந்து இறங்கும். இவர் உடம்பில் அந்த நோய் இல்லை. அதனால் வலி உட்கார இடம் கிடைக்காமல் கனவாக அலைந்துவிட்டு, விடிந்ததும் போய்விடும். நோயாளிக்கு அடுத்த நாள் முழுக்க நிம்மதி. உடம்பு லேசாக மரத்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவார்கள். ரத்தம் கொடுப்பதைப் போல மனமுவந்து செய்கிற காரியம் இது. யார் வலியை யார் சுமக்கிறார் என்பது மட்டும் இருவருக்கும் தெரியக் கூடாது.

நோய்களுக்கு எண் கொடுக்க உலக அளவில் ஓர் அமைப்பு இருந்தது. சிகிச்சைகளுக்கு வரிசை கொடுக்க தில்லியில் ஒரு மன்றம் இருந்தது. தமிழ்ப் பெயர் வைக்கச் சென்னையில் ஒரு குழு கூடிக் கூடிக் கலைந்தது. கனவுக்குப் பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை. ஆகவே அந்தக் கையேட்டை ஆவுடைச்செல்வியே பதினொரு வருடமாக எழுதி வந்தாள். கண்ணாடித் துண்டுகள் மேல் நடந்தால் சர்க்கரை நோயின் நரம்புச் சிதைவு. கதவிடுக்கில் விரல் மாட்டினால் முடக்குவாதம். படகு கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்ந்தால் சிறுநீரகக் கல். தலைக்குள் கல்யாண மேளம் கேட்டால் ஒற்றைத் தலைவலி, கூடவே நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டால் வாந்தியோடு கூடிய ஒற்றைத் தலைவலி. படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அதைப் பார்த்துத்தான் மற்ற நிலையங்களும் பதிவு செய்தன.

கையேட்டின் முதல் விதி, காட்சி சுமப்பவருடையது, வலி மட்டுமே நோயாளியுடையது என்பது. கனவில் வருகிற தென்னந்தோப்பையும் பெரியம்மா வீட்டையும் அவள் பேனாவால் அடித்துவிடுவாள். எங்கே வலித்தது, எப்படி வலித்தது, அது போதும்.

இன்னொரு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். கண் விழித்த சுமப்பவருக்கு நேற்றைய பதிவை முதலில் வாசித்துக் காட்டுவாள். "நேத்து விட்ட எடத்துலேர்ந்து வாசிக்கட்டுமா?" என்று தொடங்குவாள். நேற்றையதைக் கேட்டதும் இன்றையது நுனி பிடித்தாற்போல வந்துவிடும். வாரியம் அதைப் பாராட்டி ஒரு சான்றிதழ் தந்தது. அதைச் சட்டமிட்டு, நாற்காலிக்கு நேர் எதிரே, தன் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருந்தாள். அதில் தப்பென்ன, மனுஷிதானே.

ஜெபமணி வந்து சேர்ந்தது ஒரு மாசி மாதத்தில். ஐம்பது வயதுக்காரர். மின் கம்பம் ஏறுகிற வேலை பார்த்தவர். எட்டு வருடத்துக்கு முன்னால் கம்பத்து உச்சியில் இருந்த குளவிக்கூட்டைக் கவனிக்காமல் கை வைத்து, கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. சக்கர நாற்காலியில் வந்து, நிலையத்து மருத்துவர் நிலோஃபரிடம் தானே விண்ணப்பத்தை நீட்டினார்.

"சுமக்கிறவங்களுக்கு முழு உணர்ச்சி வேணும்னு விதி இருக்கே ஐயா," என்றார் நிலோஃபர்.

"கனா காணுததுக்கு இடுப்புக்குக் கீழ என்ன சோலி டாக்டரம்மா? தல நல்லாத்தான இருக்கு?"

நிலோஃபர் காத்திருப்போர் பட்டியலைப் புரட்டினார். கீழ்முதுகிலிருந்து இரண்டு கால்களுக்கும் பாய்கிற நரம்பு வலி என்று பதிவான ஒரு நோயாளிக்கு ஆறு மாதமாகச் சுமப்பவர் பொருந்தவில்லை. சோதித்துப் பார்த்தால் ஜெபமணியின் தூக்கத்தோடு அது அச்சாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் நாள் காலையில் ஜெபமணி கண் விழித்ததை ஆவுடைச்செல்வி மறக்கவே மாட்டாள். எல்லோரும் முகம் சுளித்துக்கொண்டு எழுவார்கள். இவர் சிரித்துக்கொண்டு எழுந்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"தங்கச்சி, வலிச்சுது."

"எங்க அண்ணாச்சி?"

"கால்ல! ரெண்டு கால்லயும். எடது குதிகால்லேர்ந்து வெடுக்குன்னு தொடைக்கு ஏறுது பாருங்க, ஐயோ, என்னா வலிங்கீங்க! நடந்தேன் தங்கச்சி. ஒரே வெள்ளைத் தரை. மிதிச்சா மொறுமொறுன்னு ஒடையுது. ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போவுது. நான் நிக்கவே இல்ல. நடந்துக்கிட்டே இருந்தேன்."

விருந்து சாப்பிட்டு வந்தவர் பந்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். அவள் எழுதினாள், 'இடது குதிகாலிலிருந்து தொடை வரை மின்னல் போல் பாயும் வலி.' வெள்ளைத் தரையை அடித்தாள்.

பிறகு அவள் நிலோஃபரிடம் கேட்டாள். "அவருக்குத்தான் காலே தெரியாதே டாக்டர், எப்படி?"

"காலுக்குப் போற வழிதான் அறுந்திருக்கு. மூளைக்குள்ள காலுக்குன்னு ஒரு வீடு இருக்கு பாரு, அது அப்படியே பூட்டிக் கெடக்கு. எட்டு வருஷமா ஆளில்லாத வீடு. இப்ப இன்னொருத்தர் வலி அங்க குடிவந்து விளக்கு போட்டிருக்கு," என்றார் நிலோஃபர். "அவருக்கு அது வலியாத் தெரியல. வீட்ல ஆள் இருக்குன்னு தெரியுது, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஐந்து மாதம். ஆவுடைச்செல்வி மற்ற கனவுகளைக் கடமைக்குக் கேட்டாள், ஜெபமணியின் கனவைக் காத்திருந்து கேட்டாள். அந்த வெள்ளைத் தரை ஒரு நாள் நிலா வெளிச்சத்தில் கிடக்கும். ஒரு நாள் அதன் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், வானம் முழுக்க அதில் படுத்திருக்கும், ஜெபமணி மேகத்தை மிதித்து மிதித்துப் போவார். குதிகாலில் நெருப்பு, கெண்டைக்காலில் ஊசி, ஆனாலும் நடை. சில நாள் நடக்கும்போது கொலுசுச் சத்தம் கேட்கும் என்பார்.

"யாரு கால்ல கொலுசு?"

"என் கால்லதான். மீசை வச்ச ஆம்பளைக்குக் கொலுசு. எழுதாதீங்க தங்கச்சி, மானம் போவும்."

"எழுத மாட்டேன். காட்சியெல்லாம் கணக்குல வராது."

"நான் உப்பளம் பக்கம் போனதே கெடையாது, பாத்துக்கிடுங்க. அந்த உப்புத் தரை எப்படி எனக்குள்ள வந்துச்சு?"

"டிவில பாத்திருப்பீங்க," என்று சொல்லிவிட்டு அந்த வரியை அடித்தாள். பதினொரு வருடமாக அடித்துப் பழகிய கை.

ஆடி மாதத்தில் ஒரு காலை. அவள் வழக்கம் போல முந்தின நாள் பதிவை வாசித்துக் காட்டிவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். ஜெபமணி கூரையைப் பார்த்தபடி சொன்னார். "நடந்தேன். வெள்ளைத் தரை. இடது கணுக்கால் வரை பரவும் எரிச்சல். அவ்வப்போது ஊசி குத்துவது போன்ற உணர்வு."

அவள் பேனா பாதி வரியில் நின்றது.

இடது கணுக்கால் வரை பரவும் எரிச்சல். அது அவளுடைய வாக்கியம். ஜெபமணி 'சுள்ளுன்னு எரியுது' என்றுதான் சொல்வார். அவள்தான் அதை வாரியத்துக்கு ஏற்ற மாதிரித் துவைத்து இஸ்திரி போட்டு எழுதுவாள். யாருக்காவது கனவில் அலுவலகக் கோப்பின் மொழியில் வலி வருமா? அவள் பழைய தாள்களைப் புரட்டினாள். முந்தின மாதம் பதினேழாம் தேதி, அதே சொற்கள் அதே வரிசையில் இருந்தன. கடந்த மூன்று நாள் பதிவுகளையும் பார்த்தாள். அவையும் பழையவைதான். அவள் வாசித்துக் காட்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து, தினம் ஒன்றாக அவளிடமே திருப்பித் தந்திருக்கிறார். அதை அவளும் பயபக்தியோடு எழுதி, எண் போட்டு, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறாள். எதிரே சான்றிதழ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி. இது நான் எழுதுனது. நீங்க கண்டது எங்க?"

ஜெபமணி போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டினார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. என்ன மறைக்கீங்க?"

"நாலு நாளாச்சு," என்றார் கடைசியில். குரல் ஒடுங்கியிருந்தது. "மொதல்ல எடது சுண்டு விரல் காணல. சரி, ஒரு வெரல்தானன்னு இருந்தேன். மறுநா பாதம் பஞ்சு மேல வைக்க மாதிரி ஆயிட்டு. முந்தா நேத்து முட்டு வரைக்கும் ஒண்ணும் தெரியல. நேத்து ராத்திரி இடுப்பு வரைக்கும் போயிட்டு தங்கச்சி. உக்காருத எடமெல்லாம் மரத்துப் போச்சு. கொலுசுச் சத்தம் மட்டும் கேக்கு. காலில்லாம சத்தம் மட்டும் நடந்து போவுது."

ஆவுடைச்செல்விக்கு உடனே புரிந்தது. முதுகெலும்பின் அடியில் நரம்புகள் குதிரை வால் மாதிரி பிரிந்து தொங்குகிற இடம் ஒன்று உண்டு. நகர்ந்த எலும்புத் தட்டு அந்தக் கற்றையை நசுக்கினால் முதலில் வலி தீரும், பிறகு உணர்ச்சி தீரும், பிறகு கால் தீரும். உடனே கத்தி வைத்தால் மீட்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கையேட்டில் அது, உடனே தெரிவிக்க வேண்டியவற்றுக்கான சிவப்புத் தாளில் இருக்கிறது. பகிர்வில் இருக்கிற நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. மரத்த மாதிரி இருக்கும் என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம், பகிர்வு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். எச்சரிக்கை மணி இங்கே இந்தக் கட்டிலில் கிடக்கிறது. அதை நான்கு நாளாக ஒருவர் கையால் பொத்தி வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா அண்ணாச்சி?"

"தெரியும். இப்படி ஆனா உடனே சொல்லணும்னு மொத நாளே படிச்சுக் காட்டுனீங்க. சொன்னா பட்டையக் கழட்டிருவீங்கன்னும் தெரியும். திரும்பி வந்துரும்னு நெனச்சேன். இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு." அவர் முதன்முறையாக அவளைப் பார்த்தார். "கழட்டிட்டா, திரும்பி உண்டா?"

"மறைச்சவங்களுக்கு இல்ல. எந்த நிலையத்துலயும் கெடையாது."

"ஒரே ஒரு ராத்திரி தங்கச்சி. இன்னைக்கு ஒரு ராத்திரி. கடைசியா ஒருக்கா நடந்து பாத்துட்டு நானே சொல்லிருதேன்."

அவளுக்கு அழுகை வந்தது. ஐந்து மாதமாக மேகத்தின் மேல் நடந்த மனிதரை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கிற வேலை தன் தலையில் விழ வேண்டுமா? 'வழக்கம் போல' என்று ஒரு வரி எழுதினால் ஒருவருக்கும் தெரியாது. அவள் வழக்கத்தால் வந்த வினை என்பதும் தெரியாமலே போகும். ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், பேனா அந்தப் பக்கம் சாய்ந்தது. அதை அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு கேட்டாள். "கம்பத்துலேர்ந்து விழுந்தீங்களே, விழுந்த ஒடன எப்படி இருந்துச்சு?"

"வலிக்கவே இல்ல. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து விழுந்துருக்கேன், வலி இல்ல. சிரிச்சேன் தங்கச்சி. கூட வந்தவன்ட்ட, ஒண்ணுமில்லடே, தூக்கி விடுன்னேன்." மூச்சை இழுத்து விட்டார். "அந்த ஆளும் இப்ப சிரிச்சுக்கிட்டுதான் இருப்பாரு, என்ன?"

"இருப்பாங்க."

"எழுதுங்க." நெற்றிப்பட்டையை அவரே அவிழ்த்து அவள் மடியில் வைத்தார். "சட்டுன்னு எழுதுங்க. மணி என்ன ஆச்சு பாருங்க."

ஆறு பதினெட்டுக்குச் சிவப்புத் தாள் போனது. உடனே நிலோஃபர் எங்கெங்கோ பேசினார். பதினொரு மணிக்குள் யாரோ ஒருவர் அறுவை அரங்கில் இருந்தார். நான்கு நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. இடது பாதத்தில் கொஞ்சம் பலவீனம், மற்றபடி நடை திரும்பிவிட்டது, இனிப் பகிர்வு தேவையில்லை. அந்தச் செய்தியை ஜெபமணிக்குச் சொல்ல விதியில் இடமில்லை. அவர் பெயர் ஏற்கனவே நீக்கப்பட்டிருந்தது.

வாரியம் விசாரித்தது. முந்தின நாள் பதிவை வாசித்துக் காட்டும் வழக்கம் எல்லா நிலையங்களிலும் நிறுத்தப்படுகிறது என்று சுற்றறிக்கை வந்தது. அவளுக்கு ஒரு கண்டிப்புக் கடிதமும் வந்தது. சான்றிதழை அவளே கழற்றி, அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்த மாதிரி வைத்தாள்.

கார்த்திகையில், உடல் தேறியவர்களிடம் வாரியம் கேட்டு வாங்குகிற படிவம் ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. எண்ணைப் பார்த்ததும் ஜெபமணி சுமந்த நோயாளி என்று தெரிந்துவிட்டது. பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பெண். வயது முப்பத்தொன்று. தொழில் உப்பளம்.

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பக்க விளைவு என்ற தலைப்பின் கீழ் நோயாளி சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். எந்த நோயின் கீழ் வருகிறது என்று எண் போட்டு அனுப்பவும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஆவுடைச்செல்வி படித்தாள். எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள். கையேட்டை எடுத்து முதல் விதியைத் திறந்து, பதினொரு வருடமாகக் காட்சிகளை அடித்த அதே பேனாவால் அதை அடித்தாள். எத்தனை பேருடைய தென்னந்தோப்பை, எத்தனை பேருடைய பெரியம்மா வீட்டை இந்தக் கையால் அழித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அது வேலையை இழக்கிற அளவுக்குக் குற்றம். தெரிந்தேதான் செய்தாள்.

சாயங்காலம் ஜெபமணி வீட்டு வாசலில் ஒரு மின்விசிறியைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்தார். இளைத்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. காப்பி போடச் சொல்லட்டா?"

"பொறவு குடிக்கேன். அண்ணாச்சி, நேத்து விட்ட எடத்துலேர்ந்து வாசிக்கட்டுமா?"

அவர் புரியாமல் பார்த்தார். அவள் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, படிவத்தை விரித்து, தினமும் காலையில் வாசித்த அதே குரலில் வாசித்தாள்.

"'எனக்கு மொட்டை மாடிக்குப் போனாலே தலை சுத்தும். ஆனா எட்டொம்பது மாசமா ஒரே கனா. ஆபரேசனுக்குப் பொறவும் நிக்கல. கம்பத்து உச்சியில நிக்கேன். ரெண்டு காலும் கம்பத்தக் கவ்விப் புடிச்சிருக்கு, பயமே இல்ல. காத்து சட்டைக்குள்ள பூந்து பொம்முன்னு நிக்கு. கீழ ஊரு இருட்டாக் கெடக்கு. நான் ஒரு கம்பிய முறுக்கிவிடுதேன். தெரு தெருவா விளக்கு எரிஞ்சுக்கிட்டே போவுது, கோயில் தெரு, பள்ளிக்கொடம், கடக்கரை வரைக்கும். சின்னப் பிள்ளைங்க ஓன்னு கத்துதுவ. எறங்கவே மனசு வரல. இது வியாதின்னா, இதக் கொணமாக்க வேண்டாம்.'"

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. ஜெபமணியின் கை தானாக இறங்கித் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் பிடித்தபடியே இருந்தார்.

"கடக்கரை வரைக்குமா?" என்றார்.

"கடக்கரை வரைக்கும்னு போட்டிருக்கு."

"நான் கொடுத்த லைன்தான் அது. கடைசி லைன்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு அவசரமாக, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்தவர் போல, அவள் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது சொல்லி அனுப்புங்க. கம்பம் ஏறுததுக்கு முன்னால, மேல குளவிக்கூடு இருக்கான்னு ஒருக்கா அண்ணாந்து பாத்துக்கிடச் சொல்லுங்க."